ஜனவரி 31-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் எந்தத் தேதி வர வேண்டும்?

மாதச் சந்தா வாங்கும் இணையதளம் ஒன்றைப் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதி வருவதாகவும், ஜனவரி 31 அன்று சேர்ந்த ஒருவருக்கு அடுத்த கட்டணத் தேதியாகப் பக்கத்தில் மார்ச் 3 தெரிவதாகவும், அதே கணக்கை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் போட்டால் பிப்ரவரி 28 வருவதாகவும் சொல்லி, இரண்டில் எது பிழை, எந்த ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஃபங்ஷனைப் பற்றியதாகத் தோன்றினாலும் அதற்கு அடியில் இருப்பது வேறொரு கேள்வி: ‘ஒரு மாதம் கழித்து’ என்று சொல்லிவிட்டோம், ஆனால் அந்த மாதத்தில் அந்தத் தேதியே இல்லை, அப்போது யார் முடிவெடுப்பது? பிஎச்பி ஒரு முடிவை எடுத்திருக்கிறது, மைஎஸ்கியூஎல் இன்னொரு முடிவை எடுத்திருக்கிறது. இரண்டும் அவரவர் ஆவணத்தில் எழுதி வைத்தபடிதான் நடந்துகொள்கின்றன. எனவே இரண்டுமே பிழை அல்ல. முடிவெடுக்க வேண்டிய நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்பதுதான் சிக்கல். தவணை, சந்தா, புதுப்பித்தல் ஆகியவற்றைக் கணக்கிடும் செயலிகளில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். இதே கேள்வியை நானும் முதல் ஆண்டிலேயே கேட்டேன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். நிரல் வரிகளைத் தராமல் படிகளாகவே சொல்கிறேன். நீங்கள் நாளை வேறு மொழிக்கு மாறினாலும் படிகள் மாறமாட்டா.

முதலில் மார்ச் 3 எப்படி வந்தது என்று பார்ப்போம். 2025 ஜனவரி 31-உடன் ‘ஒரு மாதம்’ கூட்டச் சொன்னால், பிஎச்பி தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களாகப் பிரித்துக்கொண்டு மாத எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டுகிறது. இப்போது கையில் இருப்பது 2025, 2, 31. பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாது. அந்த ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாட்கள்தான் என்பதால், மீந்து நிற்கும் மூன்று நாட்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளுகிறது. மார்ச் 3 வருகிறது. லீப் ஆண்டாக இருந்தால் மீதி இரண்டு நாட்கள், ஆகவே மார்ச் 2. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பழைய டேட் ஆப்ஜெக்டும் மாதத்தை மாற்றும்போது இதையேதான் செய்கிறது. எஸ்கியூலைட் தரவுத்தளமும் கூடுதலாக ஒன்றும் சொல்லாவிட்டால் அவ்வாறே வழிந்தோட விடுகிறது. மறுபுறம், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் ஆகிய தரவுத்தளங்களும், 2014-இல் ஜாவா 8 மொழியுடன் வந்த புதிய தேதி நூலகமும் (நூலகம் என்பது ஆயத்த நிரல் தொகுப்பு), மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டும் எல்லாம் அந்த மாதத்தின் கடைசி நாளிலேயே நிறுத்திவிடுகின்றன. அதனால்தான் உங்களுக்குப் பிப்ரவரி 28 கிடைத்தது. ஆரக்கிள் தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தொடக்கத் தேதி ஒரு மாதத்தின் கடைசி நாளாக இருந்தால் விடையையும் கடைசி நாளாகவே தரும். அதில் பிப்ரவரி 28-உடன் ஒரு மாதத்தைக் கூட்டினால் மார்ச் 28 வராது, மார்ச் 31 வரும். பைத்தானின் அடிப்படை நூலகமோ இந்தச் சர்ச்சைக்குள்ளேயே வருவதில்லை. அதன் கால இடைவெளியில் நாள், வினாடி ஆகியவைதான் உண்டு, மாதம் என்ற அலகே இல்லை. அந்த மௌனத்தை நான் நேர்மையான முடிவாகவே கருதுகிறேன்.

ஏனென்றால் ‘கால இடைவெளி’ என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை உண்மையில் இரண்டு வகை. வினாடி, நிமிடம், மணி ஆகியவற்றுக்கு நிலையான நீளம் உண்டு. அவற்றைக் கூட்டுவது அளவுகோலில் அளப்பதைப் போன்றது. மாதம், ஆண்டு ஆகியவை நீளங்கள் அல்ல. நாட்காட்டியில் எப்படி நகர வேண்டும் என்று சொல்லும் கட்டளைகள். ஒரு மாதத்துக்கு 28 முதல் 31 நாட்கள் வரை இருக்கலாம். நாள் என்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இந்தியாவுக்குள் மட்டும் இயங்கும் செயலியில் ஒரு நாளும் 24 மணி நேரமும் ஒன்றாகவே இருக்கும், வெளிநாட்டுப் பயனர்கள் வந்ததும் பிரிந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தன் இடைவெளி வகையை உள்ளுக்குள் மாதம், நாள், மைக்ரோ வினாடி என்று மூன்று தனித்தனி எண்களாகச் சேமிப்பது இதனால்தான். ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியாது என்பதை அந்த அமைப்பே ஒப்புக்கொள்கிறது. மாதத்தை 30 நாள் என்றும் ஆண்டை 365 நாள் என்றும் வைத்துப் பெருக்கி எழுதப்பட்ட நிரலை எங்கே கண்டாலும் அதை முதலில் திருத்துங்கள்.

இங்கே சின்னதாக ஓர் எச்சரிக்கை. பிஎச்பியின் இடைவெளிக் குறியீட்டில் ‘பி1எம்’ (P1M) என்று எழுதினால் ஒரு மாதம், இடையில் ‘டி’ சேர்த்து ‘பிடி1எம்’ (PT1M) என்று எழுதினால் ஒரு நிமிடம். மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி வலைப்பக்கங்களில் இருந்த ‘டேட்ஆட்’ ஃபங்ஷனில் ‘எம்’ மாதத்தைக் குறித்துவிட்டதால் நிமிடத்துக்கு ‘என்’ என்ற எழுத்தைக் கொடுத்திருந்தார்கள். ஓர் எழுத்து மாறினால் அரை மணி நேரத்தில் காலாவதியாக வேண்டிய கடவுச்சொல் இணைப்பு முப்பது மாதம் உயிரோடு இருக்கும். இத்தகைய பிழை திரையில் எந்தச் செய்தியும் காட்டாது.

மாதக் கடைசியில் என்ன செய்வது என்ற கேள்வி கணினிக்கு முன்பே எழுந்தது. விடையும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. 1881-ஆம் ஆண்டின் இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதாவது காசோலைக்கும் பிராமிசரி நோட்டுக்கும் உரிய சட்டம், தன் 23-ஆம் பிரிவில், கெடு முடிய வேண்டிய மாதத்தில் அதே தேதி இல்லாவிட்டால் அந்த மாதத்தின் கடைசி நாளிலேயே கெடு முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது. அதற்குத் தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் இன்றைய டெஸ்ட் கேஸ் எழுதுவோருக்கு அப்படியே உதவும். 1878 ஜனவரி 29 தேதியிட்ட ஒரு மாத நோட்டு, பிப்ரவரி 28-க்குப் பிறகான மூன்றாம் நாளில் முதிர்கிறது. அந்த மூன்று நாள் சட்டம் தரும் சலுகை. ஆகஸ்ட் 30 தேதியிட்ட மூன்று மாத நோட்டும், ஆகஸ்ட் 31 தேதியிட்ட மூன்று மாத நோட்டும் ஒரே நாளில், டிசம்பர் 3-இல் முதிர்கின்றன. நவம்பருக்கு 30 நாட்கள்தான் என்பதால் இரண்டும் நவம்பர் 30-இல் வந்து நிற்கின்றன, அதன்மேல் மூன்று நாள் சலுகை. சந்தா ஒப்பந்தத்துக்கு இந்தப் பிரிவு தானாகவே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அது வணிக ஆவணங்களுக்கு எழுதப்பட்டது, நான் வழக்குரைஞனும் அல்ல. ஆனால், பணம் கொடுக்கல் வாங்கலில் ‘ஒரு மாதம்’ என்றால் மக்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடப் பழைய, தெளிவான சான்று நம் நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே கட்டணத் தேதிக்கு மைஎஸ்கியூஎல் தந்த பிப்ரவரி 28-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. மார்ச் 3 என்று வைத்தால் பிப்ரவரி மாதத்தில் அவரிடம் கட்டணமே வாங்கவில்லை என்றாகிவிடும். மாத வரவை மாதந்தோறும் எண்ணும் கணக்கர் அடுத்த வாரமே உங்களிடம் வந்து நிற்பார்.

ஆனால் கடைசி நாளில் நிறுத்தும் ஃபங்ஷனை எடுத்துக்கொண்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். ஒவ்வொரு மாதமும் கட்டணம் வாங்கியவுடன், ‘அடுத்த தேதி’ என்ற கட்டத்தில் இருக்கும் தேதியுடன் ஒரு மாதத்தைக் கூட்டி அதே கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகிறது. பிப்ரவரி 28 மார்ச் 28 ஆகிறது. பிறகு ஏப்ரல் 28, மே 28. மாதக் கடைசியில் சேர்ந்த மனிதர் ஒரே ஒரு பிப்ரவரியைக் கடந்ததற்காக ஆயுள் முழுவதும் 28-ஆம் தேதிக்காரர் ஆகிவிடுகிறார். 31 என்ற தகவல் எங்கும் இல்லை, அழிந்துவிட்டது. வழிந்தோட விடும் முறையிலும் இதே கதைதான். அங்கே அவர் மார்ச் 3-க்குப் போய் நிரந்தரமாக 3-ஆம் தேதிக்காரர் ஆவார். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: முந்தைய விடையோடு கூட்டாதீர்கள், எப்போதும் தொடக்கத் தேதியோடு கூட்டுங்கள். சேர்ந்த தேதி ஜனவரி 31 என்பதை ஒரு கட்டத்தில் மாறாமல் வைத்துக்கொண்டு, எத்தனையாவது தவணை என்ற எண்ணை இன்னொரு கட்டத்தில் வையுங்கள். ஒன்றாம் தவணைக்கு ஜனவரி 31-உடன் ஒரு மாதம், இரண்டாம் தவணைக்கு அதே ஜனவரி 31-உடன் இரண்டு மாதம், மூன்றாவதற்கு மூன்று. விடைகள் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 என்று வரும். பிப்ரவரியில் குறுகியது மார்ச்சில் தானாக நிமிர்ந்துகொள்ளும்.

கணக்கின் படிகள் இவை. தொடக்கத் தேதியின் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் பிரித்தெடுங்கள். மாத எண்ணுடன் தவணை எண்ணைக் கூட்டி, பன்னிரண்டைத் தாண்டினால் ஆண்டை உயர்த்திச் சரிசெய்யுங்கள். வந்து சேர்ந்த மாதத்துக்கு எத்தனை நாட்கள் என்று கண்டுபிடியுங்கள். பிஎச்பியில் டேட் ஃபங்ஷனுக்கு ‘டி’ (t, d அல்ல) என்ற சிறிய எழுத்தைக் கொடுத்தால் அது கிடைக்கும், ஜாவாஸ்கிரிப்டில் அடுத்த மாதத்தின் பூஜ்ஜியமாம் நாளைக் கேட்டால் இந்த மாதத்தின் கடைசி நாள் வரும். தொடக்க நாள், கடைசி நாள் இரண்டில் சிறியதை எடுத்துத் தேதியைக் கட்டுங்கள். மொத்தமே ஐந்தாறு வரிகள். இதை நீங்களே எழுத விரும்பாவிட்டால், லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்புடன் வரும் கார்பன் நூலகத்தில் ‘நோ ஓவர்ஃப்ளோ’ என்று முடியும் மெத்தடுகள் இதையே செய்கின்றன. ஜாவாஸ்கிரிப்டில் டேட்-எஃப்என்எஸ், லக்சன் என்ற நூலகங்கள் இரண்டும் மாதக் கடைசியில் நிறுத்துகின்றன. ‘அடுத்த மாதத்தின் கடைசி நாள்’ என்று பிஎச்பிக்கு ஆங்கிலச் சொற்றொடராகவே கொடுக்கும் வழி ஒன்றும் உண்டு. அதைப் பரிந்துரைக்கும் பதில்களைப் பார்த்திருப்பீர்கள்; ஜனவரி 31-க்கு அது சரியாக வரும், ஜனவரி 15-இல் சேர்ந்தவரையும் பிப்ரவரி 28-க்குக் கொண்டுபோய்விடும். அதைத் தொடவேண்டாம்.

மாதக் கணக்கில் பள்ளிக்கூடக் கூட்டலின் விதிகள் செல்லாது என்பதையும் மனத்தில் பதிய வையுங்கள். மார்ச் 31-இலிருந்து ஒரு மாதம் கழித்துவிட்டு மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28-இல் வந்து நிற்பீர்கள். ஜனவரி 30-உடன் முதலில் ஒரு மாதமும் பிறகு ஒரு நாளும் கூட்டினால் மார்ச் 1. முதலில் நாளையும் பிறகு மாதத்தையும் கூட்டினால் பிப்ரவரி 28. சந்தாவை நடுவில் நிறுத்தியவருக்குப் பணம் திருப்பித் தரும் நிரலில் இந்த வேறுபாடு ரூபாயாகவே வெளிப்படும். பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு, அதாவது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கூட்டுவது என்று ஒரு விதியை வகுத்துக்கொண்டு எங்கும் அதையே பின்பற்றுவது நல்லது.

ஆண்டுச் சந்தாவிலும் இதே நோய் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தலைகாட்டும். 2024 பிப்ரவரி 29-உடன் ஓர் ஆண்டைக் கூட்டினால் பிஎச்பி 2025 மார்ச் 1 என்றும் மைஎஸ்கியூஎல் 2025 பிப்ரவரி 28 என்றும் சொல்லும். பைத்தானில் ஆண்டு எண்ணை மட்டும் மாற்றப் பார்த்தால் பிழை எறிந்து நின்றுவிடும். இதைச் சிறிய தளங்களின் கவனக்குறைவு என்று எண்ண வேண்டாம். 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் மேகச் சேவை பல மணி நேரம் முடங்கியது. ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தொடங்கும்போது ஓராண்டு செல்லுபடியாகும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கும். அதன் முடிவுத் தேதியைக் கணக்கிட, அன்றைய தேதியின் ஆண்டில் ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். 2013 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் கிடைத்தது, சான்றிதழ் உருவாகவில்லை, கணினிகள் எழவில்லை. காரணத்தை அந்நிறுவனமே பின்னர் விரிவாக எழுதி வெளியிட்டது.

உங்கள் கேள்வியில் ஓரமாகச் சொல்லியிருக்கும் இன்னொன்று, பிரவுசரில் சில நேரம் தேதி ஒரு நாள் முந்தித் தெரிகிறது என்பது. அது மாதக் கூட்டலோடு தொடர்பில்லாத வேறு சிக்கல், இந்தியாவில் வேலை செய்கிறவர்கள் அனைவரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வது. ஜாவாஸ்கிரிப்டில் 2025 ஜனவரி 31 நள்ளிரவு 12 மணி என்று நம் நேரத்தில் ஒரு தேதியை உருவாக்கி, அதை ஐஎஸ்ஓ என்ற நிலையான வடிவில் எழுத்துச் சரமாக மாற்றினால், அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாறி ஐந்தரை மணி நேரம் பின்னே போய் ஜனவரி 30 மாலை 6:30 என்றாகிவிடும். முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்துச் சர்வருக்கு அனுப்பினால் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரை வரையுள்ள எந்த நேரத்துக்கும் இது நடக்கும். பகலில் சோதித்துப் பார்க்கிறவர் தற்போதைய நேரத்தை வைத்தே சோதிப்பதால் அவர் கண்ணில் இது படுவதே இல்லை. எதிர்த் திசையிலும் ஒரு பொறி உண்டு: நேரம் இல்லாமல் தேதியை மட்டும் சரமாகக் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும், நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். கட்டணத் தேதி என்பது ஒரு நாள், ஒரு கணம் அல்ல. தரவுத்தளத்திலும் அதை நேரமில்லாத தேதி வகையிலேயே வையுங்கள், பிரவுசருக்கும் ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று எண்களாகவே அனுப்புங்கள், கூட்டல் வேலையைச் சர்வரில் ஒரே இடத்தில் செய்யுங்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஜாவாஸ்கிரிப்டுக்கு டெம்பொரல் என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. அதில் நேரமில்லாத தேதிக்குத் தனி வகை உண்டு, இல்லாத நாள் வந்தால் கடைசி நாளில் நிறுத்தவா, பிழை சொல்லவா என்று நாமே குறிப்பிடலாம். ஃபயர்பாக்ஸ் 2025-இல் அதை வெளியிட்டது. எல்லாப் பயனர்களின் பிரவுசரிலும் இருக்கும் என்று நம்பி எழுதும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டிய பிறகு தொடக்கத் தேதியும் மாறிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததற்குக் காரணம் எளியது. பிஎச்பியின் டேட்டைம் ஆப்ஜெக்டில் ‘ஆட்’ மெத்தடை அழைத்தால் அது புதிய தேதியைத் தராமல் அதே ஆப்ஜெக்டையே திருத்துகிறது. நீங்கள் தொடக்கம், முடிவு என்று இரண்டு பெயர் வைத்திருந்தாலும் இரண்டும் ஒரே பொருளைச் சுட்டுகின்றன. பிஎச்பி 5.5 முதல் இருக்கும் டேட்டைம்-இம்மியூட்டபிள் வகைக்கு மாறிவிடுங்கள், இது தீரும்.

இனி நேர மண்டலம். உங்கள் பயனர்கள் எல்லாரும் இந்தியாவில் இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டலாம், ஆனால் தளம் வளர்ந்தால் திரும்பி வருவீர்கள். சென்னையிலிருந்து நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை கர்நாடக இசை கற்றுத்தரும் ஆசிரியைக்காக வகுப்பு நேரத்தைக் காட்டும் சிறிய செயலி ஒன்றை எழுதிக்கொடுத்தேன். அங்கே வெள்ளி இரவு 8:30, இங்கே சனி காலை 7 மணி. அடுத்த வகுப்பைக் கணக்கிட, முந்தைய வகுப்புடன் 6,04,800 வினாடிகளைக் கூட்டியிருந்தேன். ஏழு நாளைக்கு அத்தனை வினாடிதானே என்று நினைத்தேன். 2024 மார்ச் 10 ஞாயிறன்று அமெரிக்காவில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தார்கள். மார்ச் 15 வெள்ளியன்று செயலி அங்கே இரவு 9:30 என்று காட்டியது. பிள்ளைகள் வழக்கம்போல் 8:30-க்கு வந்து காத்திருந்துவிட்டுத் தூங்கப் போனார்கள். ஆசிரியை சரியாக ஏழு மணிக்குத் தம்பூராவைப் போட்டுக்கொண்டு வெறும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வினாடிக் கணக்கில் என் நிரல் துல்லியமாகவே இருந்தது, ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டது வினாடிகளை அல்ல, ‘ஒவ்வொரு வெள்ளியும் எட்டரை’ என்பதை. பெற்றோரிடம் பேசிய பிறகு நியூ ஜெர்சி நேரமே நிலையானது என்று முடிவாயிற்று. கோடை மாதங்களில் ஆசிரியை காலை 6 மணிக்கு வகுப்பெடுக்கிறார். இந்த முடிவை எந்த நூலகமும் எடுத்திருக்க முடியாது. எந்த ஊர்க் கடிகாரம் நிலையானது என்று மனிதர்கள் சொன்ன பிறகு, அந்த மண்டலத்தின் பெயரோடு ‘ஏழு நாள்’ என்று கூட்டினால் நூலகம் மிச்சத்தைச் சரியாகச் செய்யும். போஸ்ட்கிரெஸிலும் ‘ஒரு நாள்’ என்று கூட்டுவதும் ‘24 மணி நேரம்’ என்று கூட்டுவதும் இதனால்தான் கடிகாரம் மாறும் வாரத்தில் வேறு வேறு விடைகளைத் தரும்.

எல்லாவற்றையும் யூடிசியில் சேமித்துவிடு என்ற அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நடந்து முடிந்தவற்றுக்கு, அதாவது பணம் எப்போது வந்தது, யார் எப்போது உள்ளே நுழைந்தார் என்பவற்றுக்கு, அது முற்றிலும் சரி. வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு அது போதாது. இலங்கை மின்தட்டுப்பாட்டின்போது 1996 மே மாதத்தில், யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே இருந்ததிலிருந்து ஆறரை மணி நேரத்துக்கு மாறியது, அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு வந்தது, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்குத் திரும்பியது. 2006 தொடக்கத்தில் ஒருவர் கொழும்பில் ஜூன் மாதக் காலை 9 மணிச் சந்திப்பை யூடிசி 3 மணி என்று மட்டும் சேமித்திருந்தால், ஏப்ரலுக்குப் பிறகு அது காலை 8:30 என்று காட்டியிருக்கும். அரசாங்கங்கள் நேரத்தை மாற்றுகின்றன, சில வேளை மிகக் குறுகிய முன்னறிவிப்பில். வருங்காலத் தேதிக்கு உள்ளூர் நேரத்தையும் ‘ஏஷியா/கொழும்பு’ போன்ற மண்டலப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது யூடிசிக்கு மாற்றுங்கள். சர்வரில் உள்ள நேர மண்டலத் தரவையும் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

இதுவரை சொன்னவற்றில் ஃபங்ஷன்கள் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதிசெய்யக்கூடியவை. இனிச் சொல்பவை அப்படியல்ல; உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தவை, நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாதவை. ‘30 நாள் இலவசம்’ என்று விளம்பரம் செய்தால் சேர்ந்த நாளும் கணக்கில் வருமா? 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டம், ஒரு நாளிலிருந்து என்று சொல்லப்பட்டால் அந்த முதல் நாளை விட்டுவிடுவதற்கு வழி செய்கிறது. பயனரும் அப்படித்தான் எதிர்பார்ப்பார் என்பது என் அனுபவம். கட்டண நாள் விடுமுறையாக இருந்தால் முன்னே போவதா, பின்னே போவதா? மேலே சொன்ன மாற்றுமுறை ஆவணச் சட்டம் முந்தைய வேலை நாளுக்கு இழுக்கிறது. பொதுக் கூறுகள் சட்டம், நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ செய்ய வேண்டிய செயலுக்கு அடுத்த வேலை நாள் வரை இடம் தருகிறது. சட்டமே இரண்டு திசையில் போகும்போது நிரலாளர் தன் விருப்பப்படி ஒன்றை எழுதிவிடுவது முறையாகாது. நிறுவனத்தில் கணக்கையும் ஒப்பந்தத்தையும் கவனிப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்த வாசகத்தை நிரலில் அந்த ஃபங்ஷனுக்கு மேலேயே குறிப்பாக எழுதி வையுங்கள். முடிவு நேரத்தைப் பொறுத்தவரை, கடைசி நாள் 23:59:59 என்று சேமிப்பதைவிட, அடுத்த நாள் தொடங்கும் கணத்தைச் சேமித்து ‘அதற்கு முன்பு வரை’ என்று ஒப்பிடுவதே எனக்கு நல்லதாகப்படுகிறது. கடைசி வினாடியில் யாரும் வெளியே நிற்க வேண்டியிராது.

நீண்ட இடைவெளிகளைக் கூட்டுவோருக்கு மட்டும் ஒரு சொல். மைஎஸ்கியூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகை 2038 ஜனவரி 19, யூடிசி 03:14:07 வரைதான் தாங்கும். இருபது ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை இன்றே அதைத் தாண்டிவிடும். தேதி வகையிலோ டேட்டைம் வகையிலோ அந்த எல்லை இல்லை.

சோதனைக்கு இன்றைய தேதியை ஒருபோதும் நம்பாதீர்கள். மாதத்தின் 10-ஆம் நாளில் எழுதிச் சோதித்த நிரல் 31-ஆம் நாளில்தான் உடைகிறது, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து. ஜனவரி 29, 30, 31 மூன்றையும் லீப் ஆண்டிலும் சாதாரண ஆண்டிலும், ஆகஸ்ட் 31-உடன் மூன்று மாதங்களையும், பிப்ரவரி 29-உடன் ஓர் ஆண்டையும், டிசம்பர் 31-உடன் இரண்டு மாதங்களையும் எழுதி வைத்த டெஸ்டாகவே வைத்திருங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தவணைக்கு மட்டும் அல்லாமல் பதின்மூன்று தவணைகளுக்கு ஓட்டுங்கள், அப்போதுதான் தேதி நழுவுவது தெரியும். ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பயனர்களைச் சரிசெய்யும்போது, அடுத்த தேதி என்ற கட்டத்தைத் தொடும் முன் அதன் நகலை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 28, 29, 30 ஆகிய தேதிகளில் நிற்பவர்களைத் தனியே பிரித்து, முதல் கட்டணம் வந்த பதிவிலிருந்து அவர்கள் உண்மையில் சேர்ந்த நாளை மீட்டெடுங்கள். உண்மையாகவே 28-இல் சேர்ந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருப்பார்கள் என்பதால் மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஒருவருடைய தேதி திருத்தத்தால் முன்னே வருமானால், அந்த மாதம் மட்டும் பழைய தேதியிலேயே பணம் எடுத்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து மாறுகிறது என்று அவருக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.